எட்டு டெராபைட் சிமுலேஷன் டேட்டாவை இருந்த இடத்திலேயே வைத்துப் பார்ப்பது எப்படி

என்னுடைய முதல் பெரிய ரன் முடிந்த அன்று நான் செய்த முதல் காரியம், மொத்த அவுட்புட்டையும் லேபில் இருந்த என் கணினிக்கு இழுக்கப் பார்த்ததுதான். விநாடிக்கு 10 எம்பி வேகம் வந்தது, அந்த வளாகத்தில் அதுவே நல்ல வேகம். ராத்திரி அப்படியே ஓடவிட்டுவிட்டுப் போய், காலையில் வந்து எவ்வளவு வந்திருக்கிறது என்று பார்த்த பிறகுதான் காகிதத்தை எடுத்துக் கணக்குப் போட்டேன். 8 டெராபைட்டுக்கு ஏறக்குறைய பத்து நாள் ஆகும். கணினியில் இருந்த டிஸ்க்கோ மொத்தமே 4 டெராபைட்.

டேட்டா பிறந்த இடத்திலேயே இருக்கட்டும், நாம்தான் அங்கே போய்ப் பார்க்க வேண்டும் என்று அப்போது எனக்கு யாரும் சொல்லவில்லை. மீக்கணினியில், அதாவது சூப்பர் கம்ப்யூட்டரில், முதல் தடவை ஜாப் போட்டு, அவுட்புட் மலைபோல் குவிந்து, இனி என்ன செய்வது என்று நிற்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். திருச்சி என்ஐடியில் 2022இல் வந்த 838 டெராஃப்ளாப்ஸ் (விநாடிக்கு 838 லட்சம் கோடி கணக்குகள்) பரம் பொருள் மீக்கணினியில் கணக்கு கிடைத்திருந்தாலும் சரி, அமெரிக்காவின் ஓக் ரிட்ஜில் இருக்கும் ஃப்ரான்டியரில் கிடைத்திருந்தாலும் சரி, வழி ஏறக்குறைய ஒன்றுதான். டேட்டாவைப் படமாக்கிக் காட்டும் கருவியாகப் பாராவியூவை எடுத்துக்கொள்கிறேன். 2000இல் கிட்வேர் நிறுவனமும் லாஸ் அலமோஸ் ஆய்வகமும் சேர்ந்து தொடங்கியது, இலவசம், பெரும்பாலான மையங்களில் ஏற்கெனவே நிறுவிய மாட்யூலாகவே இருக்கும். லாரன்ஸ் லிவர்மோர் ஆய்வகத்தின் விசிட் உங்களுக்குப் பழக்கமென்றால் அதிலும் இதெல்லாம் செய்யலாம். வானியல் ஆட்கள் ஒய்டி என்ற பைத்தான் நூலகத்தை விட்டு வெளியே வரமாட்டார்கள், அவர்களையும் குறை சொல்வதற்கில்லை.

முதலில் காகிதத்தில் கணக்கு

உதாரணத்துக்கு ஒரு கனசதுரப் பெட்டிக்குள் கொந்தளிப்பான ஓட்டம், அதாவது டர்புலன்ஸ். பக்கத்துக்கு 1024 புள்ளிகள். மொத்தம் 107 கோடி புள்ளிகள். ஒரு புள்ளிக்கு ஒரு எண், சிங்கிள் பிரிசிஷனில் 4 பைட், ஆக ஒரு மாறிக்கு 4 ஜிபி. வேகத்தின் மூன்று கூறுகளும் அழுத்தமும் சேர்ந்தால் ஒரு நேரப்படிக்கு, அதாவது ஓட்டத்தின் ஒரு கண நிலைக்கு, 16 ஜிபி. இப்படி 500 நேரப்படி எழுதினால் 8 டெராபைட். டபுள் பிரிசிஷனில் எழுதினால் இது அப்படியே இரட்டிப்பாகும். ரன் விட்ட இடத்திலிருந்து தொடர்வதற்கான செக்பாயிண்ட்டுக்கு டபுள் வேண்டும், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் படம் பார்ப்பதற்கு எழுதும் கோப்புக்கு எதற்கு டபுள்? இது இரண்டையும் ஒரே கோப்பாக வைத்திருப்பவர்கள்தான் அதிகம். பிரித்துவிடுங்கள், இடம் பாதியாகக் குறையும்.

சொந்த டேட்டா இன்னும் இல்லை, பழகிப் பார்க்க வேண்டும் என்றால் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தின் டர்புலன்ஸ் டேட்டாபேஸுக்குப் போங்கள். இதே 1024 கன அளவில் ஒரு ஓட்டத்தின் 5028 நேரப்படிகளைப் பொதுவில் வைத்திருக்கிறார்கள். மேலே போட்ட கணக்கின்படி அது 80 டெராபைட் அளவுக்கு வரும். அதை மொத்தமாக இறக்க யாரும் நினைப்பதில்லை. எந்தப் பகுதி, எந்த நேரம் என்று கேட்டால் சர்வரே வெட்டி அனுப்புகிறது. நாமும் நம் மீக்கணினியில் செய்யப்போவது அதையேதான்.

இப்போது நினைவகம். சுழல்களைப் பார்க்க வேண்டும், அதற்கு க்யூ-கிரைட்டீரியன் போடலாம் என்று வைத்துக்கொள்வோம். ஓட்டத்தில் சுற்றல் எங்கே இழுபடுதலை மிஞ்சுகிறதோ அங்கே க்யூ நேர்க்குறியாக வரும். ஹண்ட், ரே, மொயின் மூவரும் 1988இல் சொன்ன வழி, இன்றைக்கும் டர்புலன்ஸ் படங்களில் பாதி இதுதான். இதைக் கணக்கிட வேகத்தின் 3 கூறுகள் வேண்டும், அவை மூன்று திசையிலும் மாறும் வீதங்கள், அதாவது சரிவுகள், 9, கடைசியாக க்யூ 1. மொத்தம் 13 வரிசைகள், ஒவ்வொன்றும் 4 ஜிபி, ஆக 52 ஜிபி. கோப்பில் வேகம் 12 ஜிபிதான், ஆனால் ஒரே ஒரு ஃபில்டர் போட்டவுடன் 52. உங்கள் 16 ஜிபி லேப்டாப் ஏன் உறைந்துபோகிறது என்பதற்கு வேறு காரணம் தேட வேண்டாம்.

வேலையைப் பங்கிட்டு ஒரே நேரத்தில் ஓடும் நிரல் நகல்கள்தான் பிராசஸ். எத்தனை பிராசஸ் கேட்பது? பாராவியூ வட்டாரத்தில் சொல்லும் ஒரு கைக்கணக்கு உண்டு. ஒழுங்கான கட்டத்தில், அதாவது ஸ்ட்ரக்சர்ட் கிரிட்டில், ஒரு பிராசஸுக்கு 2 கோடி செல் (கட்டத்தின் ஒரு சின்னப் பெட்டி) வரை. ஒழுங்கற்ற மெஷ் என்றால் ஒரு பிராசஸுக்கு 10 லட்சம். நம் பெட்டிக்கு 54 பிராசஸ் வருகிறது. நோடுக்கு, அதாவது மீக்கணினிக்குள் இருக்கும் ஒரு தனிக் கணினிக்கு, 48 கோர் என்றால் இரண்டு நோடு போதும். நிறைய பேர் பயந்துகொண்டு இருபது நோடு கேட்டுவிட்டு, ஜாப் வரிசையில் இரண்டு நாள் காத்திருக்கிறார்கள். இரண்டு நோடு, ஒரு மணி நேரம் என்று கேட்டுப் பாருங்கள், பெரிய ஜாப்களின் இடுக்கில் அது சீக்கிரம் நுழைந்துவிடும்.

கோப்பு எப்படி எழுதப்பட்டிருக்கிறது

இந்தப் பகுதியைத் தாண்டிப் போகத் தோன்றும். தாண்டாதீர்கள், நேரம் எல்லாம் இங்கேதான் போகிறது.

நம் 4 ஜிபி மாறி, டிஸ்க்கில் ஒரே நீள நாடாவாக இருக்கிறது என்று வையுங்கள். எக்ஸ் திசையில் அடுத்தடுத்த புள்ளிகள் பக்கத்துப் பக்கத்தில், ஒரு வரிசை முடிந்ததும் அடுத்த ஒய், ஒரு தளம் முடிந்ததும் அடுத்த இசட். இசட்டுக்குச் செங்குத்தாக ஒரு ஸ்லைஸ் வேண்டும் என்றால் அந்தத் தளம் மொத்தமும் ஒரே இடத்தில் 4 எம்பியாகக் கிடக்கிறது, ஒரே மூச்சில் படித்துவிடலாம். இப்போது எக்ஸுக்குச் செங்குத்தாக ஒரு ஸ்லைஸ் கேளுங்கள். அதுவும் 4 எம்பிதான். ஆனால் ஒவ்வொரு வரிசையிலிருந்தும் ஒரே ஒரு எண் வேண்டும், வரிசையின் நீளம் 1024 எண், அதாவது 4096 பைட். இயங்குதளம் கோப்பைப் படிக்கும் பக்கத்தின் அளவும் வழக்கமாக 4096 பைட்தான். ஆக, வேண்டிய ஒவ்வொரு எண்ணும் தனித்தனிப் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறது. 4 எம்பிக்காக மொத்த 4 ஜிபியையும் புரட்ட வேண்டும். ஒரு பக்கம் ஸ்லைஸ் போட்டால் கண்சிமிட்டும் நேரம், இன்னொரு பக்கம் போட்டால் டீ குடித்துவிட்டு வரலாம் என்று இருந்தால் காரணம் இதுதான்.

இதற்குத் தீர்வு எச்டிஎஃப்5 என்ற கோப்பு வடிவமும், அதில் உள்ள சங்க்கிங் என்ற துண்டு போடும் வசதியும். பெட்டியைப் பக்கத்துக்கு 64 புள்ளிகள் கொண்ட கனத் துண்டுகளாக வெட்டி எழுதச் சொன்னால் ஒரு துண்டு சரியாக 1 எம்பி. எந்தப் பக்கம் ஸ்லைஸ் போட்டாலும் 16 பெருக்கல் 16, ஆக 256 துண்டுகள், 256 எம்பி. எந்தத் திசையிலும் ஒரே விலை. இசட் ஸ்லைஸ் முன்பைவிட மெதுவாகத்தான் ஆகும், பரவாயில்லை, மூன்று திசையிலும் பார்க்கப்போகிறோம் அல்லவா. வானிலை, கடல் மாதிரிகளை ஓட்டுபவர்கள் நெட்சிடிஎஃப்-4 பயன்படுத்தினால் அதுவும் உள்ளே எச்டிஎஃப்5தான், இதே கதை.

அப்புறம், ஆயிரத்தெட்டுச் சின்னக் கோப்புகள் எழுதாதீர்கள். 1024 எம்பிஐ பிராசஸும் (எம்பிஐ என்பது பிராசஸ்கள் தங்களுக்குள் பேசிக்கொள்ளும் முறை) ஆளுக்கொரு கோப்பு எழுதி, 500 நேரப்படி என்றால் 5 லட்சத்துக்கு மேல் கோப்புகள். லஸ்டர் போன்ற கோப்பு முறைமையில் பெயர்ப் பட்டியலைக் காத்துக்கொண்டிருக்கும் சர்வர்கள் தனி, டேட்டா இருக்கும் சர்வர்கள் தனி. அந்த அடைவில் நீங்கள் பட்டியல் கேட்டவுடன் பெயர் சர்வர் திணறும், உங்களோடு சேர்ந்து அந்த மெஷினில் இருக்கும் எல்லோருக்கும் மெதுவாகும். அதற்காக ஒரே பிரம்மாண்டக் கோப்பு எழுதினால் வேறு சிக்கல். லஸ்டரில் பல இடங்களில் ஒரு கோப்பு ஒரே டிஸ்க் தொகுப்பில் உட்காரும்படிதான் தொடக்க அமைப்பு இருக்கும். 54 பிராசஸும் ஒரே கதவில் முட்டும். ஸ்ட்ரைப் எண்ணிக்கையைக் கூட்டி வைத்தால் கோப்பு பல தொகுப்புகளில் பரவும். ஆனால் அதை அடைவுக்கு முன்கூட்டியே, ரன் தொடங்குவதற்கு முன்பே அமைக்க வேண்டும். எழுதி முடித்த கோப்பு தானாக மாறாது, மறுபடி நகலெடுத்தால்தான் உண்டு.

ஃபோர்ட்ரான் நிரல் எழுதிய பச்சை பைனரிக் கோப்பு உங்கள் தலையில் கட்டப்பட்டிருக்கிறது என்றால் இரண்டு விஷயம். ஃபோர்ட்ரானின் வழக்கமான சீக்வென்ஷியல் அன்ஃபார்மேட்டட் கோப்பில் ஒவ்வொரு ரெக்கார்டுக்கும் முன்னும் பின்னும் பெரும்பாலும் 4 பைட் அடையாளம் இருக்கும், அதைத் தாண்டிப் படிக்க வேண்டும். இன்னொன்று, ஃபோர்ட்ரானில் முதல் குறியெண் வேகமாக ஓடும், சி மொழியிலும் பைத்தானிலும் கடைசிக் குறியெண் வேகமாக ஓடும். எக்ஸும் இசட்டும் இடம் மாறிவிடும். படம் திறந்தவுடன் சாய்ந்த கோடுகளாக, புடவைக் கரையைச் சரித்துப் பிடித்த மாதிரி வந்தால் பக்க நீளத்தில் ஒன்றோ இரண்டோ பிசகி இருக்கிறது. உப்பும் மிளகும் தூவிய மாதிரி வந்தால் பைட் வரிசை மாறியிருக்கிறது. இந்த இரண்டையும் கண்ணால் அடையாளம் காணப் பழகிவிட்டால் பாதி நாள் மிச்சம்.

போய் உட்காருவது

எல்லோரும் உள்ளே நுழையும் பொதுவான லாகின் நோடில் பாராவியூவைத் திறக்காதீர்கள். எல்லோரும் ஒரு தடவை செய்வார்கள், எல்லோருக்கும் நிர்வாகியிடமிருந்து ஒரு மெயில் வரும்.

சரியான ஏற்பாடு மூன்று அடுக்கு. உங்கள் லேப்டாப்பில் பாராவியூவின் ஜன்னல் மட்டும் ஓடும். கம்ப்யூட் நோடுகளில் பிவிசர்வர் என்ற அதன் மறுபாதி, எம்பிஐ மூலம் 54 பிராசஸாக ஓடும், கோப்பைப் படிப்பதும் கணக்கிடுவதும் படம் வரைவதும் அங்கேதான். நடுவில் லாகின் நோடு வெறும் பாலம், அதன் வழியே எஸ்எஸ்எச் டனல் என்ற பாதுகாப்பான இணைப்பு போகும். ஜாப்களுக்கு நோடு ஒதுக்கும் ஸ்லர்மில் இன்டராக்டிவ் ஜாப் ஒன்று போட்டு நோடு கிடைத்தவுடன் பிவிசர்வரை ஓட்டுங்கள். 11111 என்ற போர்ட்டில் காத்திருக்கிறேன் என்று சொல்லும். லேப்டாப்பின் 11111ஐ லாகின் நோடு வழியாக அந்தக் கம்ப்யூட் நோடின் 11111க்கு டனல் போட்டுவிட்டு, பாராவியூவில் உங்கள் சொந்தக் கணினியோடு இணைவதுபோல் இணையுங்கள். மெஷினில் இருக்கும் மாட்யூலும் உங்கள் லேப்டாப்பில் இருப்பதும் ஒரே பதிப்பாக இருக்க வேண்டும். ஒன்று 5.11, இன்னொன்று 5.12 என்றால் கைகுலுக்கவே மறுத்துவிடும். புதுசாக வந்திருக்கிறதே என்று ஆசைப்பட்டு லேப்டாப்பில் கடைசிப் பதிப்பை இறக்காதீர்கள், மையம் எதை வைத்திருக்கிறதோ அதைத் தேடி இறக்குங்கள்.

நோடில் ஜிபியு இல்லையே, படம் எப்படி வரையும் என்று கவலைப்பட வேண்டாம். ஓஎஸ்மெசா சேர்த்துக் கட்டிய பாராவியூ என்றால் சிபியுவிலேயே வரைந்துவிடும். ஜிபியு உண்டு, திரை மட்டும் இல்லை என்றால் ஈஜிஎல் சேர்த்துக் கட்டியது வேண்டும். இரண்டில் எது இருக்கிறது என்று உதவி மேசையில் ஒரு வரி கேட்டால் சொல்லிவிடுவார்கள்.

இணைந்தாகிவிட்டது. கோப்பைத் திறந்தவுடன் முதலில் பிராசஸ் ஐடி ஃபில்டரைப் போட்டு நிறம் பாருங்கள். பெட்டி பல நிறத் துண்டுகளாகத் தெரிந்தால் வேலை பங்கிடப்பட்டிருக்கிறது. முழுக்க ஒரே நிறம் என்றால் 54 பேரில் ஒருவர் மொத்தத்தையும் சுமக்கிறார், 53 பேர் சும்மா இருக்கிறார்கள். பழைய விடிகே வடிவக் கோப்புகளில் இப்படித்தான் நடக்கும், அவை பங்கிட்டுப் படிப்பதற்கு ஏற்றவை அல்ல. எத்தனை நோடு கூட்டினாலும் வேகம் ஏறவில்லை என்று புலம்புகிறவர்களிடம் நான் கேட்கும் முதல் கேள்வி, நிறம் பார்த்தீர்களா என்பதுதான்.

படத்தைச் சுழற்றும்போது திக்கித் திக்கி வந்தால், அமைப்புகளில் ரிமோட் ரெண்டர் த்ரெஷோல்டு என்று ஒன்று இருக்கும். வரைய வேண்டிய வடிவம் அந்த அளவுக்குள் இருந்தால் அதை லேப்டாப்புக்கு அனுப்பி இங்கே வரையும், மேலே போனால் அங்கேயே வரைந்து வெறும் படத்தை அனுப்பும். உங்கள் இணைப்பு மோசம் என்றால் பூஜ்யமாக்கிவிடுங்கள், எப்போதும் படம் மட்டும் வரும்.

ஃபில்டர்களை எந்த வரிசையில் போடுவது

நினைவகம் வெடிப்பது பெரும்பாலும் இங்கே. ஒழுங்கான கட்டத்துக்கு ஒரு பெரிய வசதி, புள்ளிகள் எங்கே இருக்கின்றன என்று எழுதிவைக்கவே வேண்டாம். தொடக்கப் புள்ளி, இடைவெளி, எண்ணிக்கை, அவ்வளவுதான். குறிப்பிட்ட மதிப்புக்குள் வரும் செல்களை மட்டும் வைத்துக்கொள்ளும் த்ரெஷோல்டு ஃபில்டரை நீங்கள் அதன் மேல் போட்டவுடன், வெளியே வருவது ஒழுங்கற்ற மெஷ். இப்போது ஒவ்வொரு செல்லுக்கும் அதன் எட்டு மூலைகளின் எண்கள் வேண்டும், ஒரு எண்ணுக்கு 8 பைட் வீதம் 64 பைட். செல் எங்கே தொடங்குகிறது என்பதற்கு 8, என்ன வகை என்பதற்கு 1. அப்புறம் ஒவ்வொரு புள்ளிக்கும் ஆயத்தொலைவு 12 பைட். பெட்டியின் பெரும்பகுதி த்ரெஷோல்டைத் தாண்டிவிட்டால் 85 ஜிபி வரை வெறும் எலும்புக்கூட்டுக்கே போய்விடும், மாறிகள் இன்னும் உள்ளே வரவே இல்லை. ஒரு பகுதியை வெட்டி எடுக்கும் கிளிப் ஃபில்டரும் இதே ரகம்.

அதனால் ஒரு பகுதி மட்டும் வேண்டுமென்றால் கிளிப் செய்யாதீர்கள், எக்ஸ்ட்ராக்ட் சப்செட் போடுங்கள். கட்டம் கட்டமாகவே இருக்கும். அதற்கப்புறம் ஸ்லைஸோ, ஒரே மதிப்புள்ள இடங்களை இணைத்துப் பரப்பாக்கும் கான்டூரோ போட்டால் முப்பரிமாணம் வெறும் பரப்பாகச் சுருங்கும். முதலில் வெட்டுங்கள், பிறகு கணக்கிடுங்கள், பிறகு வரையுங்கள். சரிவு கணக்கிடும் ஃபில்டரை மொத்தப் பெட்டிக்கும் போட்டுவிட்டு, அதற்கப்புறம் மூலையில் ஒரு துண்டு வெட்டிப் பார்ப்பவர்களைப் பார்த்திருக்கிறேன். ஒரு மரக்கன்று நடத் தோட்டம் முழுக்க உழுகிற மாதிரி.

எக்ஸ்ட்ராக்ட் சப்செட்டில் இன்னொரு வசதி, நான்கு புள்ளிக்கு ஒன்று எடு என்று சொல்லலாம். மூன்று திசையிலும் சொன்னால் 64 மடங்கு சுருங்கி 4 ஜிபி மாறி 64 எம்பி ஆகிவிடும். அதை ஒரு கோப்பாகச் சேமித்து லேப்டாப்புக்கு இறக்கிக்கொள்ளுங்கள். இது ஒன்றுதான் நீங்கள் ஊருக்குக் கொண்டுவர வேண்டிய டேட்டா. கேமரா கோணம், நிறம், வெளிச்சம் எல்லாம் இந்தச் சின்னதில் வைத்து, ஜாப் வரிசையில் காத்திருக்கும் பயம் இல்லாமல், ராத்திரி எந்நேரமும் செய்துபார்க்கலாம். ஒரே எச்சரிக்கை, இது சராசரி அல்ல, நடுவில் உள்ளதைத் தூக்கிப்போட்டது. இதை வைத்துப் புள்ளிவிவரம் எடுத்துவிடாதீர்கள்.

இல்லாத சுவர்

இதைத் தனியாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் நான் அசிங்கப்பட்டது இதில்தான். க்யூ பரப்புகளின் படம் ஒன்றை எடுத்துக்கொண்டு கைடிடம் போனேன். சுழல்கள் எல்லாம் புழுபுழுவாக அழகாக நெளிந்துகொண்டிருந்தன, ஆனால் ஓரிடத்தில் வரிசையாகக் கத்தியால் வெட்டிய மாதிரி நின்றிருந்தன. நான் அதற்கு ஒரு விளக்கமும் தயார் செய்து வைத்திருந்தேன், மெல்லிய வெட்டடுக்கு (ஷியர் லேயர்) ஒன்று உருவாகிறது என்று. அவர் கண்ணாடியைக் கழற்றிவிட்டுப் பார்த்தார். "எத்தனை பிராசஸ்ல ஓட்டினே?" என்றார். எட்டு துண்டு என்றேன். "வெட்டு எங்க இருக்கு?" சரியாகப் பெட்டியின் நடுவில், மூன்று திசையிலும். அவர் அதற்கு மேல் எதுவும் சொல்லவில்லை.

நடந்தது இது. சரிவு கணக்கிட ஒரு புள்ளிக்கு இரண்டு பக்கத்து அண்டை எண்களும் வேண்டும். துண்டின் விளிம்பில் இருக்கும் புள்ளிக்கு ஒரு பக்கத்து அண்டை இன்னொரு பிராசஸில் இருக்கிறது. அந்த அண்டையின் நகல் ஒரு அடுக்கு, இதைத்தான் கோஸ்ட் செல் என்பார்கள், அது இல்லாவிட்டால் நிரல் ஒரு பக்கத்தை மட்டும் வைத்துச் சமாளிக்கும், விளிம்பில் எண் பிசகும், பரப்பு அங்கே உடையும். ஒரே எச்டிஎஃப்5 கோப்பிலிருந்து கட்டமாகப் படித்தால் பெரும்பாலும் பாராவியூவே பார்த்துக்கொள்ளும். நான் எட்டு துண்டுகளையும் தனித்தனிக் கோப்பாக எழுதி ஒட்டியிருந்தேன். அப்படிப்பட்ட டேட்டாவுக்குச் சரிவு ஃபில்டருக்கு முன்னால் கோஸ்ட் செல் உருவாக்கும் ஃபில்டர் ஒன்றைப் போட வேண்டும். படத்தில் எது நேர்கோடாக, அச்சுக்கு இணையாக, அளவெடுத்த மாதிரி இருந்தாலும் இயற்பியலைச் சந்தேகப்படுவதற்கு முன் பிராசஸ் ஐடி படத்தை அதன் மேல் வைத்துப் பாருங்கள்.

இன்னொன்று, உங்கள் சிமுலேஷன் ஸ்பெக்ட்ரல் முறை, அதாவது ஓட்டத்தை அலைகளின் கூட்டாகக் கணக்கிடுவது, என்றால், பாராவியூ கணக்கிடும் சரிவும் உங்கள் நிரல் கணக்கிடும் சரிவும் ஒன்றல்ல. படத்துக்குப் பாராவியூவின் சரிவு போதும். கட்டுரையில் அச்சிடப்போகும் எண்ணை உங்கள் நிரலுக்குள்ளேயே கணக்கிடுங்கள்.

நிறம்

வானவில் நிறம் வேண்டாம். சிவப்பு, மஞ்சள், பச்சை, நீலம் என்று ஓடும் அந்தப் பழைய பட்டையில் மஞ்சள் வரும் இடத்தில் கண் தானாக ஒரு விளிம்பைப் பார்க்கும், டேட்டாவில் அங்கே ஒன்றுமே இருக்காது. இதைப் போர்லண்டும் டெய்லரும் 2007இலேயே திட்டி எழுதிவிட்டார்கள், இன்னும் மாநாட்டுப் போஸ்டர்களில் பாதி வானவில்தான். அளவு மட்டும் காட்ட வேண்டிய மாறிக்கு, கரு ஊதாவிலிருந்து மஞ்சளுக்குச் சீராகப் போகும் விரிடிஸ் போன்றது, கூட்டல் கழித்தல் இரண்டும் உள்ள மாறிக்கு நடுவில் வெளுத்து இரண்டு பக்கமும் நீலமும் சிவப்புமாகப் போவது. நடு வெள்ளை சரியாகப் பூஜ்யத்தில் இருக்கும்படி எல்லைகளைச் சமமாக வையுங்கள்.

எல்லைகளை நிலையாகப் பூட்டவும் மறக்காதீர்கள். நேரப்படி மாறும்போது அளவுகோலும் தானாக மாறும்படி விட்டுவிட்டால், ஓட்டம் அடங்கிக்கொண்டே வந்தாலும் நிறம் அதே உக்கிரத்தில் இருக்கும். வீடியோ பார்ப்பவர் எதுவும் அடங்கவே இல்லை என்று நினைத்துக்கொள்வார். எல்லை எதுவென்று கண்ணால் முடிவு செய்யாமல் முதலில் ஹிஸ்டோகிராம் போடுங்கள். அதிலேயே எண்ணல்லாத மதிப்புகள், அதாவது NaN, இருக்கிறதா என்றும் தெரிந்துவிடும். க்யூ பரப்புக்கு எந்த மதிப்பு தேர்ந்தெடுத்தீர்கள் என்பதைப் படத்தின் கீழே எழுதுங்கள். அதை ஏற்றி இறக்கினால் அதே டேட்டாவை அடர்ந்த காடாகவும் காட்டலாம், நாலு புல்லாகவும் காட்டலாம்.

முழுப் பெட்டியையும் ஒளி ஊடுருவும் புகைபோல் வரையும் வால்யூம் ரெண்டரிங் பற்றிக் கேட்பீர்கள். அழகாக இருக்கும், அட்டைப்படத்துக்குப் பொருந்தும். ஒரு நல்ல ஸ்லைஸ் சொல்வதில் பாதியைக்கூட அது சொல்லாது என்பது என் கட்சி.

500 படங்களை நீங்கள் உட்கார்ந்து எடுக்க வேண்டாம்

லேப்டாப்பில் சின்ன டேட்டாவை வைத்து எல்லாம் அமைத்துவிட்டீர்கள். இப்போது பாராவியூவில் ட்ரேஸ் என்பதைத் தொடங்கி, அதே வேலையை ஒரு தடவை முதலிலிருந்து செய்துவிட்டு நிறுத்துங்கள். நீங்கள் அமுக்கியதெல்லாம் பைத்தான் நிரலாக வந்து நிற்கும். அதில் கோப்பின் பெயரைப் பெரிய டேட்டாவுக்கு மாற்றி, நான்கு புள்ளிக்கு ஒன்று எடுக்கும் வரியை எடுத்துவிட்டு, எந்த நேரப்படி என்பதை வெளியிலிருந்து வாங்கும்படி திருத்துங்கள். பிவிபேட்ச் என்ற ஜன்னல் இல்லாத பாராவியூவில் இதை ஓட்டினால் போதும்.

ஒவ்வொரு நேரப்படியும் தனி வேலை, ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லை. எனவே ஸ்லர்மில் ஜாப் வரிசையாகப் போட்டு, 25 ஜாப், ஒவ்வொன்றுக்கும் 20 நேரப்படி என்று பிரித்துவிடுங்கள். ஒன்று செத்தால் அந்த இருபதை மட்டும் மறுபடி ஓட்டலாம். படம் ஏற்கெனவே இருந்தால் தாண்டிப் போ என்று நிரலில் ஒரு வரி சேர்த்தால் இன்னும் நல்லது. மொத்தத்தையும் அனுப்புவதற்கு முன் ஒரே ஒரு நேரப்படியை ஓட்டி, படத்தைத் திறந்து, கண்ணால் பாருங்கள். 500 வெள்ளைக் காகிதங்களை வரைந்து முடித்த ராத்திரி எனக்கும் உண்டு.

படங்களை வீடியோவாக்க எஃப்எஃப்எம்பெக் என்ற நிரல். விநாடிக்கு 25 படம் என்றால் 500 படம் 20 விநாடி. இரண்டு சில்லறைத் தொல்லைகள்: படத்தின் அகலமும் உயரமும் இரட்டைப்படை எண்ணாக இருக்க வேண்டும், பிக்சல் வடிவத்தை ஒய்யுவி420பி என்று குறிப்பிட்டுச் சொல்ல வேண்டும். இல்லாவிட்டால் உங்கள் கணினியில் ஓடும், வைவா நடக்கும் அறையில் இருக்கும் கணினியில் கறுப்பாக நிற்கும்.

எழுதாமலே பார்ப்பது

இதுவரை சொன்னது, எழுதிய டேட்டாவை எப்படிப் பார்ப்பது என்று. ரன் இன்னும் பெரிதானால் எழுதவே முடியாது. ஓக் ரிட்ஜில் 2012இல் வந்த டைட்டன் மீக்கணினி 27 பெட்டாஃப்ளாப்ஸ் (ஒரு பெட்டா என்பது 1000 டெரா), அதன் கோப்பு முறைமையின் வேகம் விநாடிக்கு 1 டெராபைட். 2018இல் வந்த சம்மிட் 200 பெட்டாஃப்ளாப்ஸ், கோப்பு வேகம் 2.5 டெராபைட். கணக்கிடும் வேகம் ஏழு மடங்குக்கு மேல் ஏறியது, எழுதும் வேகம் இரண்டரை மடங்கு. இந்த இடைவெளியால்தான் ரன் ஓடும்போதே, டேட்டா நினைவகத்தில் இருக்கும்போதே படத்தையும் ஸ்லைஸையும் எடுத்துவிடும் இன்-சிட்டு முறை வந்தது. பாராவியூவுக்குக் கேட்டலிஸ்ட், தனியாக அசென்ட் என்று நூலகங்கள் இருக்கின்றன. மேலே சொன்னபடி பைத்தான் நிரல் ஒன்று உங்களிடம் தயாராக இருந்தால் அதில் பெரும்பகுதியைக் கேட்டலிஸ்டில் சொருகிவிடலாம்.

ஆனால் முதல் நாளே அங்கே போக வேண்டியதில்லை. உங்கள் நிரலில் இருபது வரி சேர்த்து, முழுப் பெட்டியை 16 ஜிபியாக எழுதும் இடைவெளிகளுக்கு நடுவே, பத்து படிக்கு ஒரு முறை மூன்று ஸ்லைஸ்களை மட்டும் எழுதச் சொல்லுங்கள். ஒரு மாறிக்கு மூன்றும் சேர்ந்து 12 எம்பி. ஓட்டம் எந்த நேரத்தில் சுவாரசியமாகிறது என்பது இந்தச் சின்னக் கோப்புகளிலேயே தெரிந்துவிடும், முழுப் பெட்டியை அந்த நேரத்தைச் சுற்றி மட்டும் எழுதினால் போதும். என்னுடைய அடுத்த ரன்னில் 500க்குப் பதில் 60 நேரப்படிதான் முழுதாக எழுதினேன், ஒரு டெராபைட்டுக்குள் அடங்கிவிட்டது.

அந்த ஒரு டெராபைட்டும் ஸ்கிராட்ச் என்ற தற்காலிக டிஸ்க் இடத்தில் கிடக்கிறது என்றால் மறந்துவிடாதீர்கள், பல மையங்களில் சில வாரங்கள் தொடாத கோப்பைத் தானாக அழித்துவிடுவார்கள். ஆவணக் கிடங்குக்கு மாற்றும்போது ரன்னின் உள்ளீட்டுக் கோப்பு, நிரலின் பதிப்பு எண், பிவிபேட்ச் நிரல், கோப்புகள் கெடவில்லை என்று சரிபார்க்க உதவும் செக்சம் எல்லாம் அதே அடைவில் போகட்டும். கூடவே ஒரு டெக்ஸ்ட் கோப்பில் எந்த அச்சு எது, அலகுகள் என்ன என்று நாலு வரி எழுதிவையுங்கள். இரண்டு வருடம் கழித்து ரிவ்யூவர் ஒருவர் அந்த மூன்றாவது படத்தில் அழுத்தத்தின் அலகு என்ன என்று கேட்பார்.